மண் இழுக்க டிராக்டர் வாங்கும் முன்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



நமது கர்ழன் ஹஸனா நிதிக்கு இம்முறை வந்திருக்கும் மனுக்களில் மூன்று ஒரே தொழிலுக்கானவை. டிராக்டரும் லேசர் லெவலரும் வாங்கி, வயல் சமன் செய்து கொடுத்து மணி வாடகை பெறுவது. மூவரும் சபரை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிய பிள்ளைகள். ஹலாலான தொழில், விவசாயிக்கும் பயன். ஆனால் மூன்று மனுவிலும் டிராக்டரைப் பற்றி எழுதியிருந்தது ஒரே ஒரு விவரம்தான்: எத்தனை ஹெச்.பி. என்பது. அதனால்தான் இந்தப் பாடத்தை எழுத நேர்ந்தது.

இதில் நம் பக்கத் தவறையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். சில வருடங்களுக்கு முன் இதே தொழிலுக்கு ஒரு தம்பிக்கு நம் நிதியிலிருந்து ஒரு பகுதி கொடுத்தோம். மீதிக்கு அவருடைய உம்மாவின் நகை போனது. என்ன வண்டி, என்ன டயர், எந்த வேலைக்கு என்று நாம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவர் வாங்கியது ரோட்டில் டிரெய்லர் இழுப்பதற்கென்று அமைந்த மாடல். ஹெச்.பி. அதிகம், எடை குறைவு, பின்டயர் சிறியது. ஏழு அடி பக்கெட்டை மாட்டி வயலில் இறக்கியபோது சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. அவர் கிளட்சைப் பாதி மிதித்து மிதித்து இழுத்தார். இரண்டாவது சீசனில் கிளட்ச் பிளேட் கருகியது. வண்டியை நஷ்டத்துக்கு விற்றுவிட்டு மறுபடியும் விமானம் ஏறினார். நம் கடனை அங்கிருந்துதான் அடைத்தார், அல்லாஹ் அவருக்கு பரகத் செய்வானாக.

லேசர் லெவலர் என்பது ஒரு சிறிய ஸ்கிரேப்பர்தான். மேட்டு மண்ணைச் சீவி, பக்கெட்டில் வாரி இழுத்துப் போய்ப் பள்ளத்தில் கொட்டுகிறது. வயல் ஓரத்தில் முக்காலியில் நிற்கும் கருவி லேசர் ஒளியைச் சுழற்றுகிறது. பக்கெட்டின் மேல் கம்பத்தில் இருக்கும் ரிசீவர் அதைப் பிடித்து, மேடா பள்ளமா என்று கன்ட்ரோல் பெட்டிக்குச் சொல்ல, ஹைட்ராலிக் வால்வு பிளேடை ஏற்றி இறக்குகிறது. இந்தியாவில் இது 2001இல் மேற்கு உத்தரப் பிரதேசத்தில் அறிமுகமாகி, பஞ்சாப், ஹரியானா வழியாகப் பரவி, நம் காவிரிப் பாசனப் பகுதிக்கும் வந்துவிட்டது. வயல் சமமானால் தண்ணீர் எல்லா மூலைக்கும் ஒரே உயரத்தில் நிற்கும், களையும் குறையும்.

பெரிய நாடுகளில் இதே வேலையை எந்த அளவில் செய்கிறார்கள் என்று பார்த்தால் நமக்கு ஒரு பாடம் கிடைக்கும். ஜான் டியர் நிறுவனத்தின் 9ஆர் வரிசையில் ஸ்கிரேப்பர் இழுப்பதற்கென்றே தனி மாடல் உண்டு. எடை 20 டன்னுக்கு மேல். எட்டுச் சக்கரமும் இழுக்கும். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ஸ்கிரேப்பர்களை மாட்டிக்கொண்டு போகும். குதிரைத்திறன் மட்டும் போதுமென்றால் அவ்வளவு இரும்பை அதில் ஏற்றியிருக்க மாட்டார்கள்.

இடையில் ஒரு செய்தி. இந்த ஸ்கிரேப்பர்களை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் கலிபோர்னியாவின் ஆர்.ஜி. லெடூர்னோ. மோட்டார் பழுதுக்கடை நொடித்துக் கடனாளியானவர், 1920 வாக்கில் ஒரு பழைய ஹோல்ட் டிராக்டரையும் வாடகை ஸ்கிரேப்பரையும் வைத்து நிலம் சமன் செய்யும் வேலையைத் தொடங்கினார். பிற்காலத்தில் வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்கை அறப்பணிக்குக் கொடுத்தவர் என்று பெயர் பெற்றார். மாற்று மதத்தவர்தான், ஆனாலும் கடனில் தொடங்கிய தொழில் எங்கே போய் நிற்கலாம் என்பதற்கு நல்ல உதாரணம் என்பதால் சொன்னோம்.

இனி கணக்குக்கு வருவோம். 50 ஹெச்.பி. டிராக்டர் ஒன்று 2,200 கிலோ எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியில் பின்னால் விழும் எடை சுமார் 1,400 கிலோ. காய்ந்த வயல் மண்ணில் அதில் பாதி, அதாவது 700 கிலோ இழுவை கிடைத்தாலே பெரிது. அந்த 700 கிலோவை மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் இழுக்கத் தேவைப்படுவது வெறும் 13 குதிரைத்திறன். கியரில் கழிவது, டயர் மண்ணில் புதைந்து உருள்வது என்று இன்னொரு 13ஐச் சேர்த்தாலும் 26. பாதி இன்ஜின் சும்மா இருக்கிறது! இன்ஜின் தோற்பதற்கு முன் டயரின் பிடி தோற்றுவிடுகிறது என்பதுதான் விஷயம். 60 ஹெச்.பி. வாங்கினாலும் எடையும் டயரும் அதேதான் என்றால் இழுவை ஒரு கிலோகூடக் கூடாது.

பிறகு ஏன் லெவலருக்கு 50 ஹெச்.பி.க்கு மேல் வேண்டும் என்கிறார்கள்? அந்த வகுப்பில்தான் எடை, அகலமான பின்டயர், வலுவான ஹைட்ராலிக் பம்ப் மூன்றும் சேர்ந்து வருகின்றன. வால்வு நாள் முழுக்க ஓயாமல் வேலை செய்யும். பம்ப் சிறியதென்றால் ஆயில் சூடேறி, பிளேடு தாமதமாக ஏறும், வயலில் அலை அலையாக மேடு விழும். நான்கு சக்கரமும் இழுக்கும் மாடல் விலை கூடுதல்தான். ஆனால் அதில் முன்சக்கர எடையும் இழுவையாக மாறுகிறது: மேலே சொன்ன கணக்கில் 2,500 கிலோ வண்டி 1,250 கிலோ வரை இழுக்கும். இந்தத் தொழிலுக்கென்றே வாங்குகிறவர், புதிய இருசக்கர இழுவை வண்டியைவிட, நல்ல நிலையிலுள்ள பழைய நான்குசக்கர இழுவை வண்டியைப் பார்க்கலாம் என்பது நம் கருத்து.

இருக்கிற வண்டியிலேயே எடை கூட்ட வழி உண்டு. பின்டயர் டியூபில் முக்கால் அளவு தண்ணீர் நிரப்புவது பழைய முறை. 14.9-28 அளவு டயர் ஒன்றில் சுமார் 200 லிட்டர் பிடிக்கும். இரண்டுக்குமாக 400 கிலோ இலவச எடை. வால்வு மேல் பக்கம் வரும்படி சக்கரத்தை நிறுத்தி, வால்வு மட்டம் வரை நிரப்ப வேண்டும். சேற்றுழவுக்குப் போகும் முன் மறக்காமல் இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் வண்டி சேற்றில் உட்கார்ந்துவிடும்.

எடை சரியாக இருக்கிறதா என்று பார்க்க மெக்கானிக் வேண்டாம், சுண்ணாம்புக் கட்டி போதும். பின்டயரில் ஒரு கோடு போட்டு, பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு சக்கரம் பத்துச் சுற்று சுற்றும் தூரத்தை அளக்கவும். பிறகு அதே வயலில் மண் நிரம்பிய பக்கெட்டுடன் பத்துச் சுற்று. முதலில் 40 மீட்டர், பிறகு 35 மீட்டர் என்றால் 5 மீட்டர் வழுக்கல், அதாவது பன்னிரண்டரை சதவீதம். 8 முதல் 15க்குள் இருந்தால் நல்லது. 20ஐத் தாண்டினால் டீசலையும் டயரையும் வயலில் தூவிக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். எடை கூட்டுங்கள் அல்லது வெட்டு ஆழத்தைக் குறையுங்கள். வழுக்கலே இல்லையென்றாலும் மகிழ வேண்டாம். எடை மிஞ்சிவிட்டது, சுமை கியருக்கும் அச்சுக்கும் போகிறது.

ஓட்டும்போது கவனிக்க வேண்டியவை பல. காய்ந்து இறுகிய தரையில் முதலில் உழுதுவிட்டுத்தான் பக்கெட்டை இறக்க வேண்டும். ஈர மண் பக்கெட்டில் ஒட்டும், கொட்டாது. பக்கெட் நிரம்பியும் லேசர் இன்னும் வெட்டச் சொன்னால், ஓட்டுநர் கையால் பிளேடைத் தூக்க வேண்டும். கருவி வண்டியின் திணறலைப் பார்ப்பதில்லை. ஒரு மேட்டை ஆழமாகச் சீவினால் மேல்மண் போய் அடிமண் வெளியே வரும். அங்கே பயிர் இரண்டு வருடம் வெளுத்து நிற்கும், வயல்காரர் நம் பிள்ளையைத்தான் ஏசுவார். அப்படிப்பட்ட வயலில் மேல்மண்ணை முதலில் ஒதுக்கி வைத்துக் கடைசியில் பரப்புவது நல்லது. புழுதி வேலை என்பதால் ஏர் கிளீனரைத் தினமும் பார்க்க வேண்டும்.

உயிர் சம்பந்தப்பட்ட ஒன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறோம். வண்டி சிக்கிக்கொண்டால் சங்கிலியை டாப் லிங்க் கொக்கியிலோ, அச்சுக்கு மேலே வேறெங்குமோ கட்டி இழுக்கவே கூடாது. பின்அச்சுக்குக் கீழே உள்ள டிராபாரில்தான் கட்ட வேண்டும். மேலே கட்டி இழுத்தால் சக்கரம் நகர முடியாமல் வண்டியின் முன்பக்கம் தூக்கும். இரண்டு விநாடிக்குள் பின்னால் கவிழ்ந்து ஓட்டுபவர் மேலேயே விழும். குதிக்க நேரம் இருக்காது. பாதுகாப்புச் சட்டம் பொருத்திய வண்டியை வாங்குங்கள், பெல்ட்டையும் போடுங்கள். மட்கார்டில் தம்பியையோ பிள்ளையையோ உட்கார வைத்துக்கொண்டு ஓட்டும் பழக்கத்தை நம் ஊரில் நிறுத்தியே ஆக வேண்டும்.

இப்போது பணக் கணக்கு. நம் பகுதியில் சம்பா அறுவடை முடிந்து, பல வயல்களில் உளுந்தும் பயறும் எடுத்த பிறகுதான் பக்கெட்டுக்கு வேலை. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்தால் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிடும். பக்கெட் ஓடும் காலம் சில மாதங்கள், தவணை பன்னிரண்டு மாதமும் வரும். வேலைப் பளுவில் மணிக்கு 5, 6 லிட்டர் டீசல் போகும். சர்வீஸ், டயர் தேய்மானம், ஓட்டுநர் கூலி தனி. இவற்றைக் கழித்து மிஞ்சுவதைச் சீசன் மணிகளால் பெருக்கிப் பாருங்கள். மீதி மாதங்களுக்கு ரோட்டவேட்டரா, வேறு என்ன என்று இப்போதே எழுதி வையுங்கள்.

பழைய வண்டியென்றால் ஆர்.சி.யில் கடன் பதிவு நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள்; படிவம் 35 இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். விவசாய உபயோகத்துக்குப் பதிவான வண்டியில் செங்கல் சூளைக்கும் மனைக்கும் மண் ஓட்டினால், விபத்து நேரும்போது இன்சூரன்ஸ் கைவிரிக்க இடமுண்டு. ஏரி, குளத்து மண்ணுக்கு வட்டாட்சியர் அனுமதி இல்லாமல் பக்கெட்டை இறக்காதீர்கள்.

மார்க்கச் சட்டம் கேட்டவர்களுக்கு: டிராக்டர் தொழில் கருவி, அதன் மதிப்புக்கு ஜகாத் இல்லை. அது ஈட்டித் தந்து, நிஸாபை எட்டி, ஒரு வருடம் கையில் தங்கிய பணத்துக்கு இரண்டரை சதவீதம் உண்டு. வாடகையை வேலைக்கு முன்பே மணிக்கு இவ்வளவு என்று பேசி முடிவு செய்ய வேண்டும். மச்சான் முதல் போட, மாப்பிள்ளை ஓட்டுவது முளாரபா என்றால், ஓட்டுபவரின் கவனக்குறைவு இல்லாமல் வரும் நஷ்டம் முதல் போட்டவருடையது. ஓட்டியவருக்கு உழைப்பு நஷ்டம். முதலுக்கு மாதம் இவ்வளவு நிச்சயம் என்று பேசினால் அது வட்டியின் வாசல். சொந்தத்துக்குள்தானே என்று வாய்ப்பேச்சாக விடாதீர்கள். கடனை எழுதிச் சாட்சி வைக்கச் சொல்லும் சூரா பகராவின் 282ஆம் வசனம் குர்ஆனிலேயே மிக நீளமானது.

மூன்று மனுதாரர்களும் டிராக்டர் எடை, பின்டயர் அளவு, பக்கெட் அகலம், சீசன் மணிக் கணக்கு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அலுவலகத்தில் சேர்க்கவும். தாள் வந்த பிறகே மனு கமிட்டி முன் வைக்கப்படும். ஓட்டிப் பழகிய இரண்டு காக்காமார்கள் உடன் வந்து வண்டியைப் பார்த்துத் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதற்குக் கட்டணம் இல்லை.