மைனஸை அழிப்பதா, தூரத்தை அளப்பதா?

நம்பிக்கை: இரண்டு செங்குத்துக் கோட்டுக்குள் எண் வந்தால் மைனஸை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

உண்மை வேறு. நான்காம் படிவக் கூடுதல் கணிதத்தில் தனிமதிப்பு வந்ததும் பலர் மனப்பாடம் செய்யும் இந்த விதி |−5| = 5 வரைக்கும்தான் உதவும். x குறை எண்ணானால் |x| = −x என்று பாடம் சொல்லும்போது, மைனஸை எடுக்கச் சொல்லிவிட்டு மைனஸைப் போடுகிறார்களே என்று பிள்ளைகள் விழிப்பது நியாயமே. மேல்படிப்பில் 3+4i என்ற கலப்பெண்ணின் தனிமதிப்பு 5. அங்கே எடுக்க மைனஸே இல்லை. இரண்டுக்கும் பொருந்தும் பொருள் ஒன்றுதான்: தூரம். |a − b| என்றால் a-க்கும் b-க்கும் இடைப்பட்ட தூரம்.

கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் 1886-இல் ஓடத் தொடங்கிய ரயில் பாதையையே எண்கோடாக வைத்துக்கொள்ளலாம். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் 0, கிள்ளான் திசை கூட்டல், எதிர்த்திசை கழித்தல். |x − 12| = 5 என்றால், 12-ஆம் கிலோமீட்டரிலிருந்து சரியாக 5 கிலோமீட்டர் தள்ளியுள்ள இடங்கள்: 7, 17. இரண்டு விடை ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். |x − 12| < 5 என்றால் அவற்றுக்கு நடுவே. > 5 என்றால் இருபுறமும் வெளியே, அதாவது x < 7 அல்லது x > 17. விடைத்தாள்களில் வரும் ‘17 < x < 7’ என்ற விபரீதம், கோட்டைப் பார்த்தவர் கையால் வராது. |x + 3| மட்டும் சற்றுச் சறுக்கும்: அது −3-இலிருந்து தூரம், 3-இலிருந்து அல்ல.

கெழு வந்தால் என்ன செய்வது என்பார்கள். |2x − 6| < 8 என்பதில் 2-ஐ வெளியே எடுத்தால் |x − 3| < 4. விடை −1-க்கும் 7-க்கும் இடையே. |2x − 1| = x − 4 போன்றவற்றில் தூரமே x-ஓடு மாறுவதால், இரண்டு வகையாகப் பிரித்துத்தான் தீர்க்க வேண்டும்; இந்த ஆட்சேபம் சரிதான். ஆனால் அப்படிக் கிடைக்கும் −3, 5/3 இரண்டையும் வலப்பக்கத்தில் போட்டால் குறை எண் வருகிறது. தூரம் குறை எண்ணாகாது. இரண்டையும் அடித்துவிட வேண்டும். மைனஸை அழிக்கும் விதியை மட்டும் நம்பியவர் அவற்றை விடையென்று எழுதிவிடுவார்.