மண்ணின் செடியும் மனைத்தோட்டமும்

நுழையும்முன்

காடுகளில் மட்டுமன்று, வீட்டுத் தோட்டங்களிலும் பல்லுயிர்கள் வாழ்கின்றன. அங்கு எச்செடியை நடுகிறோம் என்பதே எவ்வுயிர் அங்கு வாழும் என்பதை முடிவு செய்கிறது. அத்தொடர்பை இப்பாடம் விளக்குகிறது.

படப்பை மரபு

வீட்டையடுத்த தோட்டத்தைச் சங்க இலக்கியம் ‘படப்பை’ என்று குறிக்கிறது. கொல்லை, புழக்கடை என்பன இன்றைய வழக்குகள். கிணற்றடியில் வாழையும் வேலியோரத்தில் நொச்சியும் சமையற்கட்டின் அருகே கறிவேப்பிலையும் நின்ற அவ்விடம் மனிதருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. தையல்சிட்டு இலைகளைத் தைத்துக் கூடமைத்தது. ஓணான் வேலியில் வெயில் காய்ந்தது. இன்று பல வீடுகளில் அம்மண்ணைச் சிமெண்டுத் தளம் மூடிவிட்டது. எஞ்சிய இடத்தில் அயல்நாட்டு அழகுச்செடிகள் நிற்கின்றன. அங்கே பசுமை இருக்கிறது. ஆயினும் உயிர்களின் நடமாட்டம் இல்லை. இதற்குக் காரணம் என்ன?

தேனும் இலையும்

வண்ணத்துப்பூச்சியின் உணவு தேன் என்பது பாதி உண்மையே. வளர்ந்த பூச்சி பலவகைப் பூக்களில் தேன் பருகும். அதன் புழுவோ குறிப்பிட்ட சில செடிகளின் இலைகளை மட்டுமே உண்ணும். கறிவேப்பிலை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சி, தன் கால்களால் இலையின் சுவையறிந்த பின்னரே முட்டையிடுகிறது. இளம்புழு பறவையின் எச்சம்போல் தோன்றிப் பகையை ஏமாற்றும். வளர்ந்தபின் இலையின் நிறத்தைப் பெறும். தீண்டினால் தலைக்குப் பின்னிருந்து கவைபோன்ற கொம்பை நீட்டித் துர்நாற்றம் பரப்பும்.

செடிகள் தம்மைக் காத்துக்கொள்ள இலைகளில் கசப்பையும் நஞ்சையும் சேர்த்து வைக்கின்றன. நெடுங்காலம் உடன்வாழ்ந்த பூச்சிகள் சில, அத்தடையைக் கடக்கும் ஆற்றலைப் பெற்றன. எருக்கின் நச்சுப்பாலை வெந்தய வரியனின் புழு தாங்கிக்கொள்கிறது. அந்நஞ்சைத் தன் உடலில் சேமித்துக் கேடயமாகவும் கொள்கிறது. ஒருமுறை அதைச் சுவைத்த பறவை மறுமுறை அதனை நாடுவதில்லை. கடல் கடந்து வந்த செடிக்கு இத்தகைய உறவுகள் இம்மண்ணில் மிகக் குறைவு.

கடிபட்ட இலை

ஓட்டை விழுந்த இலையைக் கண்டதும் பூச்சிக்கொல்லி தெளிப்பது பலரது வழக்கம். அப்புழுக்களோ பறவைக் குஞ்சுகளின் உணவு. தானியம் உண்ணும் சிட்டுக்குருவியும் தன் குஞ்சுகளுக்குப் புழுபூச்சிகளையே ஊட்டுகிறது. தட்டில் தானியம் வைப்பவர் தோட்டத்தில் நஞ்சு தெளித்தால், தாய்க்குருவி உண்ணும், குஞ்சு பசித்திருக்கும். நலமான செடி சில இலைகளை இழந்தாலும் மீண்டும் துளிர்க்கும்.

வேலி தாண்டிய செடி

அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்த உண்ணிச்செடி, அழகுச்செடியாகவே இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. அதன் பூக்களை வண்ணத்துப்பூச்சிகள் மொய்ப்பது உண்மையே. ஆயினும் அதன் கனிகளை உண்ட பறவைகள் விதைகளைத் தொலைவிற்குக் கொண்டு சென்றன. முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் அது புதராய் மண்டி, விலங்குகள் மேயும் புல்லையும் பிற செடிகளையும் ஒடுக்கியுள்ளது. தோட்டத்தில் நட்டது தோட்டத்தோடு நின்றுவிடுவதில்லை.

எங்ஙனம் தொடங்குவது?

இடமுள்ளோர் சரக்கொன்றை நடலாம். கொன்னை வெள்ளையன் அதில் முட்டையிடும். வேலிக்கு ஆவாரையும் நொச்சியும் பொருந்தும். தும்பையும் வெட்சியும் தேன் தரும். மாடிவீட்டாருக்குத் தொட்டியில் ஒரு கறிவேப்பிலையே போதுமானது. சமையலுக்குப் பறிக்கும்போது புழுவுள்ள கிளையை மட்டும் விட்டுவைக்கலாம். தானாக முளைத்த எருக்கை, அதன் பால் கண்ணில் படாதவாறு காத்து வளர்க்கலாம். சருகை எரிக்காமல் செடியடியில் பரப்புதலும் ஆழமற்ற தட்டில் நீர் வைத்தலும் செலவில்லாத பணிகள்.

2019ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாகத் தமிழ் மறவன் அறிவிக்கப்பட்டது. மலைக்காட்டில் வாழும் அதன் புழுவும் நீரடிமுத்து மரத்தின் இலையை நம்பியே வளர்கிறது. சிறகை மட்டும் போற்றி இலையை மறந்தால் இரண்டும் இல்லாமற்போகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள செடிகளைப் பட்டியலிட்டு, இம்மண்ணுக்கு உரியவை, அயல்நாட்டிலிருந்து வந்தவை என வகைப்படுத்துக.

2. ஒரு கறிவேப்பிலைச் செடியை ஒரு மாதம் உற்றுநோக்கி, அதில் கண்ட உயிர்களை நாள்வாரியாகக் குறித்து வகுப்பறையில் பகிர்க.

3. ‘கடிபட்ட இலை குறையன்று’ – இக்கூற்றைப் பாடக்கருத்தின்வழி நிறுவுக.