இலங்கைச் சரக்குக்கு வரியே கிடையாதா?

எங்கள் கே.கே. நகரிலிருந்து விமான நிலையம் பக்கம்தான். கொழும்புக்குப் போய்வருவது இங்கே பலருக்குப் பழகிய பயணம். அதனாலேயே இலங்கை வியாபாரம் பற்றிய தவறான தகவல்களும் இங்கே வேகமாகப் பரவுகின்றன. அவற்றை நம்பி முன்பணம் கொடுக்கும் சிறு வியாபாரிகளை நினைத்தே இதை எழுதுகிறேன்.

நம்பிக்கை: தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் இருக்கிறது, எதற்கும் வரி இல்லை.

இந்திய–இலங்கை ஒப்பந்தம் 1998 டிசம்பர் 28 அன்று கையெழுத்தாகி, 2000 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சலுகையே இல்லாத பொருள்களின் பட்டியலை இரு நாடுகளும் அன்றே வைத்துக்கொண்டன. சில பொருள்களுக்கு அளவுக் கட்டுப்பாடும் உண்டு. தேயிலைக்கு ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ வரைதான் சலுகை.

நம்பிக்கை: கொழும்பில் கப்பலேறினால் அது இலங்கைச் சரக்கு.

அதிகம் பேர் பணம் இழப்பது இங்கேதான். சரக்கு எங்கே ஏறியது என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. எங்கே விளைந்தது, எங்கே உருவானது என்றுதான் பார்க்கிறது. வெளிநாட்டு மூலப்பொருளில் செய்த பொருளென்றால், கப்பலேறும்போதுள்ள விலையில் குறைந்தது 35 சதவீத மதிப்பு இலங்கையில் சேர்ந்திருக்க வேண்டும். இந்திய மூலப்பொருள் 10 சதவீதம் இருந்தால், இலங்கையின் பங்கு 25 சதவீதம் போதும். மூட்டை மாற்றிக் கட்டுவதெல்லாம் இதில் சேராது.

மிளகைப் பாருங்கள். வியட்நாம் மிளகு இலங்கை வழியாக, இலங்கை மிளகு என்ற பெயரில் வருவதாகக் குடகு, கேரள விவசாயிகள் குரல் எழுப்பினார்கள். 2017 டிசம்பரில் மத்திய அரசு கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலையை விதித்தது. அவர்கள் கேட்டது நியாயம். கொல்லிமலையில் மிளகுக்கொடி வளர்ப்பவரும் அப்படி வரும் மிளகின் மலிவு விலையோடுதான் போட்டியிட வேண்டும்.

இலங்கை வர்த்தகத் திணைக்களம் தரும் பிறப்பிடச் சான்றிதழ் கட்டாயம் வேண்டும். ஆனால் அதோடு வேலை முடியாது. 2020 செப்டம்பர் 21 முதல், பொருளின் பிறப்பிட விவரங்களை இறக்குமதியாளரே கேட்டு வாங்கி, 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். விற்றவர் பொய் சொல்லியிருந்தாலும் சுங்கத்துறை கேள்வி கேட்கப்போவது உங்களைத்தான்.

நம்பிக்கை: பெட்டியில் கொண்டுவந்தால் ஒப்பந்தச் சலுகை உண்டு.

கிடையாது. பயணியின் பெட்டிக்குப் பயணிகள் உடைமை விதிகள் தனியாக இருக்கின்றன. வியாபாரச் சரக்கென்றால் ஐ.இ.சி. எண் (இறக்குமதி-ஏற்றுமதியாளர் குறியீடு), பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்துக்குத் தரும் இறக்குமதி விவரப் பத்திரம்), பிறப்பிடச் சான்றிதழ் எல்லாம் வேண்டும். பிறருக்காகச் சரக்குச் சுமந்துவரும் 'குருவி'யாகப் போகும் இளைஞர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. பிடிபட்டால் அனுப்பியவர் ஒதுங்கிக்கொள்வார். சுமந்து வந்த பையனின் பெயர்தான் வழக்கில் ஏறும்.

நம்பிக்கை: ஐரோப்பாவைப் போல அங்கே போய்க் கடை போடலாம், வேலை பார்க்கலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் சரக்கு, சேவை, மூலதனம், மனிதர் நான்குமே எல்லை தாண்டலாம். நம்முடைய ஒப்பந்தம் சரக்கோடு நின்றுவிடுகிறது. சேவைகளையும் முதலீட்டையும் சேர்க்க நடந்த பேச்சுகள் பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டே போகின்றன. இந்தியர் விசா இல்லாமல் போய்த் தங்கித் தொழில் செய்ய வழிவிடுவது நேபாளத்துடனான 1950 உடன்படிக்கைதான்; இலங்கையோடு அப்படி ஒன்று இல்லை.

ஆகவே முன்பணம் அனுப்புமுன் பொருளின் எச்.எஸ். கோடை, அதாவது சுங்க வகைப்பாட்டு எண்ணை, கேட்டு வாங்குங்கள். அது சலுகையில் வருகிறதா என்று உரிமம் பெற்ற கஸ்டம்ஸ் ஏஜென்டிடம் காட்டுங்கள். பிறப்பிடச் சான்றிதழ் தருவதாக விற்பவர் எழுதிக் கொடுக்காவிட்டால் அந்தச் சரக்கை வாங்காதீர்கள்.