மாத்திரையா, பத்தியமா, ஹிப்னோதெரபியா? தீராத வயிற்று உபாதைக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

காலையில் வெளியே கிளம்புமுன் மூன்று நான்கு முறை கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கும். சாப்பிட்டதும் வயிறு உப்பி வலிக்கும். சில நாள் பேதி, சில நாள் மலச்சிக்கல். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று எடுத்துப் பார்த்தால் எதிலும் கோளாறு தெரியாது. ஐ.பி.எஸ். (Irritable Bowel Syndrome) என்று மருத்துவர்கள் சொல்லும் இந்தக் குடல் உபாதை உயிரை எடுப்பதில்லை; ஆனால் பல ஆண்டுகள் கூடவே வரும், தணியும், மறுபடி தலைதூக்கும். இப்படிப்பட்ட நோய்க்குச் சிகிச்சை தேடும்போது எது சீக்கிரம் கேட்கும் என்பதைவிட, நிறுத்திய பிறகும் எதன் பலன் நிற்கும் என்பதையே முதலில் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால், மேடை வித்தை என்று பலரும் ஒதுக்கிவிடும் ஹிப்னோதெரபியை மாத்திரைக்கும் பத்தியத்துக்கும் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டியிருக்கிறது.

மாத்திரைகள் எளிதில் கிடைக்கும், செலவும் குறைவு. மெபெவெரின் குடல் தசையின் இறுக்கத்தைத் தளர்த்தும். லோபெரமைட் பேதியை நிறுத்தும். இசப்கோல் மலத்தைச் சீராக்கும். குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் 6 மாதத்தில் வெற்று மாத்திரையைவிட நல்ல பலன் தந்ததாக 2023-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. அவசரத்துக்கு இவைதான் சரி. ஆனால் இவை பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும் வரையில்தான் காப்பவை. பத்தியத்தில் பெயர் பெற்றது ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் வகுத்த ஃபாட்மேப் முறை. குடலில் புளித்து வாயுவை உண்டாக்கும் சில சர்க்கரைப் பொருள்களைச் சில வாரங்கள் விலக்கி, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கும் முறை இது. பலன் உண்டு. ஆனால் விலக்க வேண்டியவற்றில் சின்ன வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், பல பருப்பு வகைகள் எல்லாம் அடங்கும். நம் வீட்டுச் சமையலில் இவற்றை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும் என்று சமைப்பவரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஏற்கெனவே உடல் மெலிந்தவர்களுக்கும், சாப்பாட்டையே பயத்தோடு பார்க்கத் தொடங்கிவிட்டவர்களுக்கும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குடலுக்கென்றே வகுத்த ஹிப்னோதெரபியில் ஆடும் கடிகாரமும் இல்லை, நினைவு தப்புவதும் இல்லை. கண்ணை மூடி, உடல் தளர்ந்து, கவனம் ஓரிடத்தில் குவிந்த நிலையில், வயிற்றில் கை வைத்து இளஞ்சூடு பரவுவதை உணரச் சொல்வார்கள். குடலின் அசைவை நிதானமாக ஓடும் ஆறாக மனதில் காணச் சொல்வார்கள். வழக்கமாக 7 முதல் 12 அமர்வுகள். நடுவில் வீட்டிலும் ஒலிப்பதிவைக் கேட்டுப் பயிற்சி. மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் என்ற குடல்நோய் மருத்துவர், எந்த மருந்துக்கும் மசியாத 30 நோயாளிகளிடம் இதைச் சோதித்து 1984-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார். ஒப்பீட்டுக் குழுவுக்கு உளவியல் ஆலோசனையும் வெற்று மாத்திரையும் கொடுக்கப்பட்டன. ஹிப்னோதெரபி பெற்றவர்களே தெளிவாக மேம்பட்டார்கள். அதே மருத்துவக் குழு 204 பேரைப் பின்தொடர்ந்து 2003-இல் தந்த கணக்குதான் இங்கே முக்கியம். 71 சதவீதத்தினருக்குக் குணம் தெரிந்தது. அவர்களில் 81 சதவீதத்தினருக்கு அந்தப் பலன் அப்படியே நீடித்தது, சிலருக்கு 6 ஆண்டுகள் வரைகூட. மருந்தும் மருத்துவரிடம் போவதும்கூடக் குறைந்தன. குடலுக்கும் மூளைக்கும் இடையிலான நரம்புத் தொடர்பு மிகையாகக் கூர்மைப்பட்டிருப்பது இந்நோயின் ஒரு முக்கியக் கூறு. அந்தக் கூர்மையைத் தணிக்கும் பயிற்சி நோயாளியின் கையிலேயே தங்கிவிடுகிறது; பலன் நீடிப்பதற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

அன்பாகப் பேசி அக்கறை காட்டினாலே பாதி வலி போய்விடாதா என்ற கேள்வி நியாயமானது. மான்செஸ்டரின் நீண்டகாலக் கணக்கில் ஒப்பீட்டுக் குழு இல்லை என்பதும் உண்மை. இதற்குப் பதில் தேட நெதர்லாந்தில் 354 பேரை வைத்து நடத்திய ஆய்வைப் பார்க்க வேண்டும், 2019-இல் வெளியானது. தனியாக ஹிப்னோதெரபி, குழுவாக ஹிப்னோதெரபி, நோய் பற்றிய விளக்கமும் ஆதரவும் என்று 3 பிரிவுகள். ஓராண்டு கழித்துப் போதிய நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னவர்கள் தனிச் சிகிச்சையில் 40.8 சதவீதம், குழுச் சிகிச்சையில் 49.5 சதவீதம், விளக்கம் மட்டும் பெற்றவர்களில் 22.6 சதவீதம். ஆக, பலன் முழுவதும் அக்கறையால் மட்டும் வந்ததல்ல. ஆனால் அறிகுறிகளின் கடுமையை அளந்தபோது பிரிவுகளிடையே பெரிய வேறுபாடு தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உபாதை அடியோடு மறைவதைவிட, அது வாழ்க்கையை ஆட்டிவைக்காமல் போவதுதான் பலருக்கும் கிடைத்திருக்கிறது. எதிர்பார்ப்பை அந்த அளவில் வைத்துக்கொள்வது நல்லது.

பத்தியத்தோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வும் உண்டு. மோனாஷில் 74 பேரிடம் நடந்த அந்தச் சோதனையில், 6 வார முடிவில் இரு முறைகளிலும் பத்துக்கு ஏழு பேர் மேம்பட்டார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குக் கூடுதல் பலன் இல்லை. மனப்பதற்றம் தணிந்ததில் ஹிப்னோதெரபி முந்தியது. எனவே இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டாம். சில உணவுகளைச் சாப்பிட்டால்தான் தொல்லை என்று தெளிவாகத் தெரிந்தால் பத்தியத்தில் தொடங்கலாம். தேர்வு, பயணம், அலுவலகக் கூட்டம் என்றாலே வயிறு கலங்குபவர்கள் ஹிப்னோதெரபியில் தொடங்கலாம். கட்டணம் சுமையாக இருந்தால் குழு அமர்வு கிடைக்குமா என்று தயங்காமல் கேளுங்கள். குழந்தைகளுக்கும் ஹிப்னோதெரபி பொருந்துகிறது. நெதர்லாந்தில் வயிற்றுவலிக் குழந்தைகள் 260 பேரிடம் நடந்த ஆய்வில், ஓராண்டு கழித்து சிகிச்சையாளரிடம் போனவர்களில் 71 சதவீதமும், வீட்டில் குறுந்தகடு கேட்டவர்களில் 62 சதவீதமும் தேறியிருந்தார்கள்.

இந்தச் சான்றுகளைக் காட்டி எல்லா நோய்க்கும் ஹிப்னோதெரபியை விற்பவர்களை நம்ப வேண்டாம். புகைப்பழக்கத்தை விடுவிப்பதில் அது மற்ற முறைகளைவிட மேல் என்று சொல்லப் போதிய சான்று இல்லையென்று 2019-ஆம் ஆண்டு காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு முடிவு செய்தது. மனச்சிதைவு உள்ளவர்கள் மனநல மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை, ஐம்பது வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கிய உபாதை இவற்றில் ஏதாவது இருந்தால் முதலில் குடல்நோய் மருத்துவரைப் பாருங்கள். அவர் ஐ.பி.எஸ்.தான் என்று உறுதிப்படுத்திய பிறகு, பதிவு பெற்ற மருத்துவரையோ மருத்துவ உளவியலாளரையோ தேடுங்கள். குடல் உபாதைக்கான பயிற்சி பெற்றவரா, எத்தனை அமர்வு, மொத்தச் செலவு எவ்வளவு, வீட்டுப் பயிற்சிக்கு ஒலிப்பதிவு தருவாரா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். பூர்வஜென்மம் பார்க்கலாம் என்பவரிடமும், ஒரே அமர்வில் குணம் என்பவரிடமும் போகாதீர்கள்.