வைக்கோலும் சர்க்கரையே
(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. தாவரவியல்)

பொங்கல் விடுமுறையில் மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்த என் தாயார், "ஒரே பயிரில் விளைந்தவைதானே! அரிசி நமக்குச் சோறாகிறது. வைக்கோல் மட்டும் ஏன் நமக்குச் செரிக்காது?" என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆயினும் அன்று விடை கூற இயலவில்லை. பின்னர் நூலகத்தில் படித்தறிந்ததையே இங்கு எழுதுகிறேன்.

அரிசியிலுள்ள ஸ்டார்ச்சும் வைக்கோலிலுள்ள செல்லுலோஸும் குளுகோஸ் என்னும் ஒரே சர்க்கரையால் ஆனவை. வேறுபாடு இணைப்பில்தான் உள்ளது. ஸ்டார்ச்சில் இருப்பது ஆல்பா இணைப்பு; நம் உமிழ்நீரிலுள்ள அமைலேஸ் அதைத் துண்டித்துவிடும். செல்லுலோஸில் இருப்பது பீட்டா இணைப்பு. அதனால் அதன் சங்கிலிகள் நேராக நீண்டு, ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றோடொன்று நெருங்கி, முறுக்கிய வைக்கோற்பிரிபோல் உறுதி பெறுகின்றன. இதைச் சிதைக்கும் செல்லுலேஸ் நொதிகள் நம் உடலில் சுரப்பதில்லை. பசுவின் உடலிலும் சுரப்பதில்லை! அதன் பெரிய இரைப்பையில் வாழும் பாக்டீரியா முதலிய நுண்ணுயிர்களே அவ்வேலையைச் செய்கின்றன.

இரண்டாம் உலகப்போரின்போது பசிபிக் கடலிலுள்ள சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்கள் மக்கி வீணாயின. பருத்தியும் செல்லுலோஸே அன்றோ! மக்கிய துணியிலிருந்து பிரித்தெடுத்த பூஞ்சையை எல்வின் ரீஸ், மேரி மாண்டல்ஸ் ஆகியோர் ஆராய்ந்தனர். 1977-இல் ரீஸின் நினைவாக அது டிரைக்கோடெர்மா ரீசி என்று பெயர் பெற்றது.

இப்பூஞ்சையின் நொதிகள் மூவகையாகப் பணிபுரிகின்றன. முதல்வகை சங்கிலியை நடுவில் வெட்டுகிறது. இரண்டாம்வகை வெட்டிய முனைகளிலிருந்து இரண்டிரண்டு குளுகோஸ் கொண்ட செல்லோபயோஸாகப் பிரிக்கிறது. மூன்றாம்வகை அந்த இரட்டையைத் தனித்தனிக் குளுகோஸாக்குகிறது. செல்லோபயோஸ் தேங்கினால் முன்னவற்றின் வேகம் குறையும்; எனவே மூன்றும் சேர்ந்தே இயங்க வேண்டும்.

கிடைக்கும் குளுகோஸை ஈஸ்ட் நொதிக்கச் செய்தால் எத்தனால் கிடைக்கும். அரியானாவிலுள்ள பானிப்பட்டில் 2022-இல் நெல் வைக்கோலிலிருந்து எத்தனால் தயாரிக்கும் ஆலை திறக்கப்பட்டது. எனினும் வைக்கோலிலுள்ள லிக்னின் நொதிகளை நெருங்கவிடாமல் தடுக்கிறது. ஆகவே முதலில் வைக்கோலைப் பக்குவப்படுத்த வேண்டியுள்ளது, செலவும் கூடுகிறது.

இவற்றையெல்லாம் கேட்ட தாயார், "வைக்கோல் முழுவதும் ஆலைக்குப் போனால் மாட்டுக்கு எதைப் போடுவது?" என்றார். வடக்கே வயலில் எரிக்கப்படும் வைக்கோலுக்கு ஆலை நல்வழிதான். எங்கள் ஊரிலோ அது மாட்டின் உணவு. இந்த இரண்டாம் கேள்விக்கு விடை நூலகத்தில் மட்டும் கிடைக்காது. வயலிலும் தேட வேண்டும்.