வெற்று மழைக்காலணிக்கு வண்ணம்: எதைத் தேர்வது?

நீலகிரியிலும் வால்பாறையிலும் பள்ளிகள் திறப்பதும் தென்மேற்குப் பருவமழை இறங்குவதும் ஜூன் மாதத்திலேயே நேர்வதால், பேச்சுவழக்கில் கம்பூட்ஸ் எனப்படும் மழைக்காலணி அங்கே தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கு மட்டுமன்றிக் குழந்தைகளுக்கும் வேண்டிய பொருளாகிறது. ஒரே நிறத்தில் வரும் வெற்றுக் காலணியை வாங்கி வீட்டிலேயே அழகுபடுத்துவது சிக்கனமான வழியே எனினும், கைக்குக் கிடைத்த வண்ணத்தைப் பூசினால் அது சில நாள்களில் உரிந்துவிடுவதால், தேர்வைக் காலணி செய்யப்பட்ட பொருளிலிருந்து தொடங்க வேண்டும்.

மலிவான குழந்தைக் காலணிகளிற் பெரும்பாலானவை பிவிசியால் ஆனவை. தண்ணீர்க் குழாயில் விறைப்பாக இருக்கும் அதே பிவிசி, காலணியில் மிருதுவாக இருப்பதற்குக் காரணம் அதில் கலக்கப்படும் நெகிழ்வூட்டி, அதாவது நெகிழியின் இழைகளுக்கு இடையே புகுந்து அவற்றை இளக்கும் எண்ணெய் போன்ற பொருள். இது காலப்போக்கில் மெல்ல மேற்பரப்புக்குக் கசிந்து வருவதால்தான் மென்பிவிசியின்மேல் பூசிய எனாமல் பெயின்ட் முழுமையாகக் காயாமல் பிசுபிசுக்கிறது. பெர்மனண்ட் மார்க்கரால் வரைந்த கோடுகள் மாதங்கள் செல்லச்செல்ல ஓரம் கலங்கிப் பரவுவதற்கும் இதுவே காரணம். இயற்கை ரப்பர்க் காலணியில் சிக்கல் வேறு: அதனுள் சேர்க்கப்பட்ட மெழுகு முதலியவை வெளிவந்து வெண்மையான படலமாகப் படிவதால், சோப்பு நீரால் அதைக் கழுவி உலர்த்தாமல் எதை ஒட்டினாலும் நிலைக்காது.

எனாமலைத் தவிர்க்க இன்னொரு காரணமும் உண்டு. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம் அளவை, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கை, மீறக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பரணில் கிடக்கும் பழைய டப்பாவைக் குழந்தையின் பொருளுக்கு எடுக்கவே கூடாது. நெயில் பாலிஷ் பளபளப்பாகத் தோன்றினாலும் காய்ந்தபின் வளையாத் தன்மையுடையதாதலால் நடக்கத் தொடங்கியதும் வெடித்துவிடும்.

அக்ரிலிக் வண்ணம் நீரில் கரைத்துப் பூசப்பட்டு, காய்ந்தபின் வளையக்கூடிய படலமாவதால் இவற்றைவிட மேலானது. எனினும் மேற்பரப்பை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, மெல்லிய பூச்சுகளாக ஒன்றன்மேல் ஒன்று தீட்டி, பல நாள் உலரவிட்ட பிறகே மழையில் இறக்க வேண்டும். கணுக்கால் வளைவிலும் விரல்கள் மடங்கும் இடத்திலும் அதுவும் உரியும் என்பதால், படம் குழல் பகுதியின் வெளிப்புறத்தோடு நிற்பது நல்லது.

சிக்கனத்தை முதன்மையாகக் கருதுவோருக்கு மின்பொருள் கடையில் கிடைக்கும் இன்சுலேஷன் டேப்பே மிகப் பொருத்தமானது. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் எனப் பல நிறங்களில் வரும் அந்த டேப்பே மென்பிவிசியால் ஆனது. டேப்பிலேயே உள்ள நெகிழ்வூட்டியைத் தாங்கும்படி அதன் பசை உருவாக்கப்பட்டிருப்பதால், பிவிசிக் காலணியின்மேலும் அது எளிதில் இளகுவதில்லை. குழலைச் சுற்றி வரிகளாகவோ, சதுரமும் முக்கோணமுமாக வெட்டியோ ஒட்டலாம். மூலைகளை வட்டமாகக் கத்தரித்தால் சேறு பட்டு ஓரம் எழும்புவது குறையும். இழுத்து ஒட்டிய டேப் மீண்டும் சுருங்கித் தானே விலகும் என்பதால், முடியும் இடத்தையேனும் இழுக்காமல் படியவைக்க வேண்டும் என்ற மின்பணியாளரின் வழக்கம் இங்கும் பொருந்தும்.

ரேடியம் ஸ்டிக்கர் என்று வழங்கும் ஒளிதிருப்பும் தாள், பெயரில் உள்ள ரேடியம் எதுவுமின்றி, நுண்ணிய கண்ணாடி மணிகளாலோ பட்டகங்களாலோ விளக்கொளியை வந்த திசைக்கே திருப்புகிறது. வாகன எண் எழுதும் கடையில் மிஞ்சும் துண்டு ஒன்றைக் குதிகாலின் பின்புறம் ஒட்டினால், மழையிருட்டில் நடக்கும் குழந்தை வண்டியோட்டியின் கண்ணில் படும். அழகைவிட இது முக்கியம். எதையும் அடிப்பாகத்தில் ஒட்டலாகாது, வழுக்கும்.

குழந்தையின் கால் விரைவில் வளர்வதால் காலணி ஓரிரு பருவங்களுக்குமேல் பொருந்துவதில்லை. ஆகவே நிலைத்து நிற்கும் அலங்காரத்தைவிட நீக்கக்கூடிய அலங்காரமே மேல்: அடுத்த ஆண்டு தம்பிக்கோ தங்கைக்கோ அதே காலணி போகும்போது, பழைய டேப்பை உரித்து, எஞ்சிய பசையைத் தேங்காய் எண்ணெயால் துடைத்துச் சோப்பிட்டுக் கழுவி, அக்குழந்தை கேட்கும் நிறத்தில் புதிதாக ஒட்டித் தரலாம்.