இரண்டாவது மேலதிகச் சில்லு: திரும்பி வருவதற்கான ஏற்பாடு

இடம்பெயர்ந்து உறவினர் வளவிலோ நகரத்துக்கு அண்மையிலோ தங்கியிருக்கும் விவசாயக் குடும்பங்கள் பல, தமது வயலுக்கும் மேட்டுக்காணிக்கும் தூரத்திலிருந்தே போய் வருகின்றன. காலபோக விதைப்புக்கு முன் பற்றை வெட்ட வேண்டும், வரம்பு கட்ட வேண்டும், விதைநெல் கொண்டுபோக வேண்டும். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு ஜீப்பையோ பிக்கப்பையோ வாடகைக்கு அமர்த்திப் புறப்படுவது வழக்கம். பிரதான வீதியை விட்டு இறங்கியதும் கிரவல் பாதை, அதன்பின் குளக்கட்டு, அதன்பின் காட்டுப் பாதை. அங்கே சில்லு பழுதுபார்க்கும் கடையும் இல்லை. பல இடங்களில் கைத்தொலைபேசிக்கு அலையும் இல்லை.

இத்தகைய பயணத்தில் இரண்டாவது மேலதிகச் சில்லு ஒன்றைக் கொண்டு செல்வது அவசியமா, எப்படிக் கொண்டு செல்வது, முடியாவிட்டால் என்ன செய்வது என்பனவற்றை இப்பாடத்தில் பார்ப்போம். வாகனம் எங்களுடையதாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் பயணம் எங்களுடையது. ஆகவே இவை சாரதி மட்டும் அறிந்திருக்க வேண்டிய விடயங்கள் அல்ல.

ஒன்று ஏன் போதாது?

பெரும்பாலான வாகனங்களில் ஒரு மேலதிகச் சில்லு உண்டு. தார் வீதியில் அது போதும். ஒரு சில்லு காற்றுப் போனால் அதை மாற்றிக்கொண்டு அடுத்த சந்தியிலுள்ள கடையில் ஒட்டுப் போடலாம். காட்டுப் பாதையில் நிலைமை வேறு. அதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, ஒரு ரயரை வெட்டிய பாதை அடுத்த ரயரையும் வெட்டக்கூடியது. பற்றை வெட்டிய பாதையில் சரிவாக நறுக்கப்பட்ட அடிக்கட்டைகள் ஈட்டிபோல நிற்கும். கிரவலில் கூரான கற்கள் இருக்கும். பழைய வேலிக் கம்பியும் தகரத் துண்டும் மண்ணுக்குள் கிடக்கும். முதற் சில்லை மாற்றிய பின்னரும் அதே பாதையில்தான் போக வேண்டும், அதே பாதையில்தான் வர வேண்டும்.

இரண்டாவது, ஒரே பக்கத்திலுள்ள முன்சில்லும் பின்சில்லும் அநேகமாக ஒரே தடத்தில் ஓடுகின்றன. முன்சில்லு படுத்துக் கிடக்கும் ஆணியை நிமிர்த்திவிட, பின்சில்லு அதில் ஏறும். ஒரு கட்டை இரண்டையும் ஒரே நிமிடத்தில் கிழித்துவிடவும் கூடும்.

மூன்றாவது, அந்த வாகனம்தான் அன்று அங்குள்ள எல்லோருக்கும் அம்புலன்ஸ். வயலில் ஒருவரைப் பாம்பு தீண்டினால், கத்தி பட்டுக் காயம் ஏற்பட்டால், அவரைப் பிரதான வீதிவரை கொண்டுவர வேறு வழியில்லை. 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். ஆனால் அழைப்பதற்கு அலை வேண்டும், அது வந்து சேர்வதற்குப் பாதை வேண்டும்.

இது எமது நாட்டுக்கு மட்டும் உரிய பிரச்சினையும் அல்ல. மேற்கு அவுஸ்திரேலியாவின் வடபகுதியில் கிப் ஆற்று வீதி என்றொரு வீதி உண்டு. மாட்டுப் பண்ணைகளிலிருந்து துறைமுகங்களுக்கு மாடுகளைக் கொண்டு செல்ல அமைக்கப்பட்ட அவ்வீதி ஏறத்தாழ 660 கிலோமீற்றர் நீளமானது. பெரும்பகுதி கல்லும் கிரவலும். அதில் போவோருக்கு அங்குள்ளவர்கள் வழமையாகச் சொல்லும் அறிவுரை, இரண்டு மேலதிகச் சில்லுகளுடன் போங்கள் என்பதாகும். எமது தூரங்கள் அவ்வளவு இல்லை. ஆனால் நோயாளியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிவந்தால் பதினைந்து கிலோமீற்றரும் பெருந்தூரமே.

எந்தப் பழுதுக்கு எது மருந்து?

ரயரின் பழுது இரு வகைப்படும். நிலத்தில் படும் பகுதியில் ஆணியோ முள்ளோ குத்தினால் அது சிறு துவாரம். ரியூப் இல்லாத ரயரில் இதனைச் சில்லைக் கழற்றாமலே அடைக்கலாம். பசை பூசிய நார்த் திரியைத் துவாரத்துக்குள் செருகும் சிறிய பெட்டி வாகன உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும். ரியூப் உள்ள ரயரானால் ரியூப்பை வெளியே எடுத்து ஒட்டுப் போட வேண்டும்.

மற்றையது ரயரின் பக்கச்சுவர் கிழிதல். பக்கச்சுவர் மெல்லியது. ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்வது. அதில் விழுந்த வெட்டைத் திரியால் பாதுகாப்பாக அடைக்க முடியாது. அடிக்கட்டை செய்யும் சேதம் பெரும்பாலும் இதுவே. இரண்டாவது சில்லின் உண்மையான தேவை இங்கேதான் வருகிறது. ஆகவே சிறு துவாரத்துக்குத் திரிப் பெட்டியையும் பம்மையும் பயன்படுத்தி, மேலதிகச் சில்லுகளைப் பெரிய கிழிசலுக்கென மீதப்படுத்துவதே சிக்கனம்.

எப்படிப்பட்ட சில்லு?

பெயருக்கு ஒரு சில்லை ஏற்றிக்கொண்டு போவதால் பயனில்லை. பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. அளவு. ரயரின் பக்கத்தில் பொறிக்கப்பட்டுள்ள அளவு மற்ற நான்கினதும் அளவாக இருக்க வேண்டும். நான்கு சில்லுகளும் இழுக்கும்போது ஒரு சில்லு மட்டும் சிறிதாகவோ பெரிதாகவோ இருந்தால் பற்சக்கரப் பெட்டிக்குச் சேதம் வரும். நினைத்தபோது இரு சில்லு இழுவைக்கு மாற்றக்கூடிய வாகனத்தில் தற்செயலாக அளவு வேறுபட்ட சில்லைப் போட நேர்ந்தால், அதனை முன்பக்கத்தில் பூட்டி, இரு சில்லு இழுவையில் மெதுவாக வர வேண்டும்.

2. துளைகள். வேறொரு வாகனத்திலிருந்து இரவல் வாங்கிய சில்லானால் வீட்டிலேயே ஒருமுறை பூட்டிப் பார்க்க வேண்டும். துளைகளின் எண்ணிக்கை சரியாக இருந்தும் நடுத்துவாரம் பொருந்தாமல் போவதுண்டு. அலோய் றிம்மின் நட்டு இரும்பு றிம்முக்குப் பொருந்தாமல் போவதும் உண்டு.

3. வயது. பாவிக்காத ரயரும் பழுதாகும். பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் ஒரு சிறு வளையத்துக்குள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். வெடிப்பு விழுந்த பழைய ரயர் பாரத்துடன் நெடுந்தூரம் தாங்காது.

4. காற்று. மேலதிகச் சில்லில் காற்று மெல்ல மெல்ல இறங்கும். மாதம் ஒருமுறையும் பயணத்தின் முதல்நாளும் அளந்து பார்க்க வேண்டும். எத்தனை இறாத்தல் என்பது பெரும்பாலான வாகனங்களில் சாரதியின் கதவோரத்தில் ஒட்டப்பட்டிருக்கும்.

எங்கே ஏற்றுவது?

றிம்முடன் கூடிய ஜீப் சில்லு ஏறத்தாழ 30 கிலோ வரும். ஒரு புசல் நெல் சுமார் 21 கிலோ. ஏக்கருக்கு இரண்டு புசல் வீசி விதைப்பவருக்கு, அந்தச் சில்லு முக்கால் ஏக்கரின் விதைநெல்லுக்குச் சமமான பாரம். ஆகவே இலேசாகச் சொல்லிவிடக்கூடிய காரியம் அல்ல என்பதனை ஒப்புக்கொள்ள வேண்டும். விதைநெல்லை இன்னொரு நடையில் கொண்டு போகலாம், சில்லை அப்படிக் கொண்டு போக முடியாது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கூரையின் மேல் கட்டினால் வாகனம் தலைப்பாரமாகி, சரிவிலும் வாய்க்காலிலும் புரளும் ஆபத்து கூடும். பிக்கப்பின் பெட்டியில், பின் அச்சுக்கு முன்பக்கமாகப் படுக்க வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதே நல்லது. கட்டாத சில்லு குலுக்கலில் பின்னால் இருப்பவர்களை நசுக்கிவிடும்.

முதலாவது சில்லு வாகனத்தின் அடியில் சங்கிலியில் தொங்குமானால், புறப்படுமுன் ஒருமுறை இறக்கிப் பார்க்க வேண்டும். சங்கிலி துருப்பிடித்து இறங்காமல் நிற்பதைச் சேற்றுக்குள் கண்டுபிடிப்பதால் பயனில்லை.

இரண்டாவது சில்லு கிடைக்காவிட்டால்

முழுச் சில்லு வாங்கவோ இரவல் பெறவோ முடியாத குழுக்களும் உண்டு. அவர்கள் றிம் இல்லாத ரயரையும் ஒரு ரியூப்பையும் கொண்டு போகலாம். பாரம் குறையும், விலையும் குறையும். ஆனால் ரயர் கழற்றும் இரும்புகளும், அதைச் செய்யத் தெரிந்த ஒருவரும் வேண்டும். வளையம் பூட்டிய பழைய மாதிரி றிம்மானால் காற்று முற்றாக இறங்கும்வரை கழற்றத் தொடங்கக் கூடாது. வளையம் தெறித்தால் உயிராபத்து.

ரியூப் மட்டும் இருந்தாலும் ஓரளவு சமாளிக்கலாம். கிழிந்த ரயரின் உட்புறத்தில் பழைய ரயர்த் துண்டொன்றை வைத்து, அதன்மேல் ரியூப்பைப் போட்டுக் காற்றடித்து, நடைவேகத்தில் பிரதான வீதிவரை வரலாம். அதற்கு மேல் அதை நம்பக் கூடாது.

உழவு இயந்திரப் பெட்டிக்கும் இதே நியாயம் பொருந்தும். பெட்டிக்கு மேலதிகச் சில்லே இல்லாமல் நெல் ஏற்றப் போகிறவர்கள் பலர். ஒரு ரியூப், ஒட்டுத் துண்டுகள், பசை, அரம், பம் ஆகியன ஒரு சிறிய பையில் அடங்கும்.

சில்லு மாற்றும்போது

2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்த பின்னர் வடக்கில் பெருமளவு நிலத்தில் மிதிவெடிகள் அகற்றப்பட்டுள்ளன. ஆயினும் அந்த வேலை இன்னும் முற்றுப்பெறவில்லை. மண்டையோட்டுக் குறியுள்ள சிவப்புப் பலகை நிற்கும் இடங்களிலும், நீண்டகாலம் ஆள் நடமாட்டமில்லாத இடங்களிலும், நிழல் தேடியோ கல் பொறுக்கவோ பாதையை விட்டு இறங்கக் கூடாது. வாகனத்தை ஓரத்துக்கு இறக்கவும் கூடாது. ஓடித் தேய்ந்த தடத்தின் மேலேயே நிறுத்திச் சில்லை மாற்ற வேண்டும். பிள்ளைகளையும் தடத்திலேயே நிற்பாட்ட வேண்டும்.

இதனாலேயே சில்லுக்கு அணை வைக்க இரண்டு மரக்கட்டைகளையும், ஜக்கின் கீழே வைக்க ஒன்றரை அடிப் பலகை ஒன்றையும் வீட்டிலிருந்தே எடுத்துச் செல்ல வேண்டும். ஈரமண்ணில் பலகை இல்லாமல் ஜக்கு புதையும். நட்டுகளைச் சில்லு நிலத்தில் இருக்கும்போதே சற்று இளக்கிவிட்டு, அதன்பின் தூக்க வேண்டும். தூக்கிய வாகனத்தின் கீழ் எவரும் தலையை நுழைக்கக் கூடாது. நட்டுகளை எதிரெதிராக மாறிமாறி இறுக்க வேண்டும். ஏறத்தாழ 50 கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும்.

எப்போது திரும்புவது?

இதுவே இப்பாடத்தின் முக்கிய பகுதி. இரண்டாவது சில்லு இன்னும் தூரம் போவதற்காக அல்ல. முதலாவது பயன்பட்ட பின்னரும் பாதுகாப்பாகத் திரும்பி வருவதற்காக.

ஓர் உதாரணம் பார்ப்போம். வயல் பிரதான வீதியிலிருந்து 18 கிலோமீற்றர் உள்ளே இருக்கிறது. ஆறாவது கிலோமீற்றரில் ஒரு சில்லு கிழிகிறது. மேலதிகச் சில்லு ஒன்றுதான் இருந்தது, அதைப் பூட்டியாகிவிட்டது. தொடர்ந்து போனால் இன்னும் 12 கிலோமீற்றர் உள்ளே, பின்னர் 18 கிலோமீற்றர் வெளியே. மொத்தம் 30 கிலோமீற்றர், கையில் ஒன்றுமில்லாமல். திரும்பினால் 6 கிலோமீற்றர் மட்டுமே. ஒருநாள் வேலை போகும், வாடகைப் பணமும் போகும். அது நட்டம்தான். ஆனால் கணக்கிடக்கூடிய நட்டம். இரண்டாவது சில்லு இருந்திருந்தால் வேலையை முடித்துக்கொண்டும் வரலாம். கையிலுள்ள கடைசிச் சில்லும் பூட்டப்பட்டால், எங்கே நின்றாலும் திரும்ப வேண்டும். இந்த முடிவைப் புறப்படுமுன் எல்லோரும் சேர்ந்து எடுத்துவிட வேண்டும். பாதி வழியில் வெயிலில் நின்று எடுக்கும் முடிவில், அவசரமுள்ளவரின் குரலே மேலோங்கும்.

சாரதியிடம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. மேலதிகச் சில்லு எத்தனை? இறக்கிக் காட்ட முடியுமா?
2. அதில் காற்று எத்தனை இறாத்தல்? எப்போது பார்த்தது?
3. ஜக்கு, நட்டுக் கழற்றும் சாவி, பம், திரிப் பெட்டி இருக்கின்றனவா?
4. நட்டு இறுகியிருந்தால் உங்களால் கழற்ற முடியுமா? ஒன்றை இப்போதே இளக்கி இறுக்கிப் பார்ப்போமா?
5. வழியில் ரயர் கிழிந்தால் செலவு யாருடையது?

கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். அது பேசப்படாதபோது, தன் ரயரைக் காப்பாற்ற நினைக்கும் சாரதி பாதியில் இறக்கிவிடுவார், அல்லது குடும்பங்களுக்கிடையே மனஸ்தாபம் வரும். பல நடை போகவுள்ள குடும்பங்கள் நடைக்கு ஒரு சிறு தொகையாகச் சேர்த்து, பாவித்த நல்ல ரயர் ஒன்றைப் பொதுவில் வாங்கி வைக்கலாம். வாகனம் மாறினால் அளவு மாறக்கூடும் என்பதால், வழமையாக அமர்த்தும் வாகனத்தின் அளவையே வாங்க வேண்டும்.

குழுவாகச் சிந்திக்க

1. எமது காணிக்குப் போகும் பாதையில் ரயரைக் கிழிக்கக்கூடிய இடங்கள் எவை? அங்குள்ள அடிக்கட்டைகளை அடியோடு வெட்டிவிட ஒரு நாள் சிரமதானம் செய்ய முடியுமா?
2. கைத்தொலைபேசி அலை எந்த இடத்தில் நிற்கிறது? அவ்விடத்தை எல்லோரும் அறிவார்களா?
3. நாங்கள் குறித்த நேரத்துக்குத் திரும்பாவிட்டால் தேடி வருவதற்கு ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறோமா?
4. எமது குழுவில் சில்லு மாற்றத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? பெண்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் இதனை எப்போது பழக்கப் போகிறோம்?